அவனுக்கு முன்னால் போன சக்கரம்

எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முன்னால் போய்க் காற்றை நெஞ்சில் வாங்குவான். இன்னொருவன் அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டே வருவான். பின்னால் வருகிறவனுக்கு உழைப்பில் பெரும்பகுதி மிச்சம். எங்கள் கிளப்பில் இதை வீல் பிடிப்பது என்போம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் இருப்பவன் விலகிப் பின்னால் போய்விட வேண்டும், அடுத்தவன் காற்றுக்கு வர வேண்டும். அதுதான் முறை.

நானும் என் சிநேகிதனும் ஆறு வருடமாக அந்த முறையைக் கைக்கொண்டதே இல்லை. நான்தான் முன்னால். என் முதுகு அகலம், அவன் ஒல்லி. பெயின்ட் கடை வைத்திருக்கிறான், நிற்பதும் ஒரு பிரஷ் நிற்பது போலத்தான் இருக்கும். கிளப் என்று ஒன்று வருவதற்கு முன்பே, ஒரே நிறத்துப் பனியனும் வாட்ஸ்அப் குழுவும் இருபது பேரும் சேர்வதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிப் போய்த் திரும்புவோம். போகும்போது மேற்கே இருந்து வீசும் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று கொடுத்ததையெல்லாம் பிடுங்கும். காற்றாலைகள் தலைக்குமேல் சுழல, நான் குனிந்து மிதிப்பேன். அவனுடைய மூச்சு என் இடுப்புக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்குப் பெண்டாட்டி உண்டு, பிள்ளைகள் உண்டு, காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் உண்டு. ஆனாலும் எனக்குப் பின்னால் ஒரு ஆள் பத்திரமாக வருகிறான் என்கிற நினைப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு கருங்கல் ஊரில் இருந்து ஒருவன் வந்தான், எங்களுக்கு அவன் கருங்கல்காரன். கத்தாரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், எங்களைவிட நாலைந்து வயது இளையவன். அங்கே வேகப் போட்டிகளில் ஓட்டியிருக்கிறான். தோள் ஒரு கதவு மாதிரி இருக்கும். பேசினால் பாதி மலையாளம், பாதி சிரிப்பு. யாருக்கும் அவனைப் பிடிக்காமல் போக வழியே இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பந்தலில் இருந்து திரும்பும்போது என் இடுப்புக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் கருங்கல்காரனின் சக்கரத்தைப் பிடித்து என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தான். போகிறபோக்கில் எனக்குக் கைகூடக் காட்டினான். தோவாளையில் கட்டன்சாயா குடிக்கும்போது, அந்தத் தோளுக்குப் பின்னால் காற்றே இல்லை, கதவடைத்த அறைக்குள் ஓட்டியது போல இருந்தது என்று எல்லாரிடமும் சொன்னான். பக்கத்தில் பூச்சந்தைக்குப் போகிற பிச்சிப்பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் கசக்கும்.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று குழுவில் எழுதிவிட்டு, போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். நான் வராததை அவன் உணரவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. கணவாயில் பக்கவாட்டில் அடித்த ஒரு காற்று வீச்சில் கருங்கல்காரனின் பின்சக்கரம் சற்று ஒதுங்க, ஒட்டிக்கொண்டு வந்த என் சிநேகிதனின் முன்சக்கரம் அதில் உரசிவிட்டது. கீழே விழுந்தவனின் வலது கால் சைக்கிளுக்கு அடியில். தொடையெலும்பு முறிந்து, கால்முட்டும் நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கருங்கல்காரன் பனியனெல்லாம் ரத்தமாக நின்றான். என்னைப் பார்த்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மனசுக்குள் என்ன ஓடியது என்பதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் இனிமேல் ஒரு விபத்து சொந்தம், அதில் எனக்குப் பங்கில்லை. அதுதான் ஓடியது.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கிளப் அவனைத் தத்து எடுத்துக்கொண்டது. குழுவில் ஒரு முறைப்பட்டியல் வந்தது. திங்கள், மாட்டுச்சந்தைப் பக்கத்து ஆசிரியர் ஆட்டுக்கால் சூப் கொண்டுபோவார். புதன், வங்கிக்காரர் அவனுடைய மகளை டியூஷனில் இருந்து கூட்டிவருவார். வியாழனும் சனியும் கருங்கல்காரன் தன் காரில் பிசியோதெரபிக்கு அழைத்துப்போவான். எனக்குச் செவ்வாய். செவ்வாய்க்கு எதிரே 'பேச்சுத்துணை' என்று எழுதியிருந்தது. ஆறு வருடம் காற்றை மறைத்தவனுக்குப் பேச்சுத்துணை.

செவ்வாய்தோறும் போனேன். பழைய ஓட்டங்களையே பேசினேன். முட்டம் கலங்கரைவிளக்க மேட்டில் சங்கிலி அறுந்து இருவரும் தள்ளிக்கொண்டே ஏறியது, மழையில் ஒரு சர்ச் வாசலில் ஒதுங்கிக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது. அவன் சிரிப்பான், நடுவில் காலை இரண்டு கையாலும் தூக்கி வேறு இடத்தில் வைப்பான். அந்தக் காலைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அது வியாழக்கிழமைக்காரனின் பொருள் என்று விட்டுவிட்டேன். அவனுடைய மனைவி சாயா கொண்டுவரும்போதெல்லாம் வியாழக்கிழமையின் செய்தியும் சேர்ந்து வரும். கருங்கலில் இருந்து மரச்சீனிக் கிழங்கு வந்தது, நெத்திலிக் கருவாடு வந்தது, படியில் ஏற்ற முடியாதபோது கருங்கல்காரன் இவனை அப்படியே தூக்கிவிட்டான். "கொச்சுப்பிள்ளையைத் தூக்கியது மாதிரியில்லா தூக்கினாரு அண்ணே" என்றாள். நான் சாயாவை ஊதினேன்.

ஒரு செவ்வாய் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், அன்றைக்கு நான் வந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று.

"நீ வந்திருந்தா நீயும் விழுந்திருப்பே," என்றான். "ரெண்டு வீட்டுக்கும் ஆட்டுக்கால் வாங்கணும். வாத்தியாரு பாவம்."

பேச்சு எனக்குப் போதவில்லை. நசுங்கிக் கிடந்த அவனுடைய சைக்கிளை, வேறு யாரும் கேட்பதற்கு முன்னால், என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலு மாதம் அதோடு கிடந்தேன். முன்சக்கரம் புதிது, பிரேக் கம்பி புதிது, கைப்பிடிக்கு அவனுக்குப் பிடித்த நீலச் சுற்று. சீட்டின் உயரத்துக்கு எனக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. என் இடுப்பெலும்புக்கு நாலு விரல் கீழே. எத்தனை ஞாயிறு அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த உயரத்தில் வைத்து இறுக்கியபோது, வியாழனையும் சனியையும் ஒன்றாகத் தோற்கடித்துவிட்ட நிம்மதி.

தை மாதம் டாக்டர் மெதுவாக ஓட்டலாம் என்றார். கிளப் முழுக்க அவன் வீட்டு முற்றத்தில் கூடியது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்க்க ஏற்பாடு. நான் சைக்கிளின் மேல் கிடந்த துணியை உருவினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவனுக்குக் கண் கலங்கியது. இரண்டு பேர் தாங்க, ஏறி உட்கார்ந்தான். இடதுகால் இறங்கியது. வலதுகால் பெடலோடு மேலே வந்து, உச்சிக்கு முன்னால் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தான். உதட்டைக் கடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

கருங்கல்காரன் ஓடிவந்து காலைக் கையில் ஏந்திக்கொண்டான்.

"அண்ணே, சீட்டு பழைய பொக்கத்துலயா, அதே ஒசரத்துலயா வச்சீங்க?" என்றான் என்னிடம். குரலில் கேலியே இல்லை. "முட்டு தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்காது. கொஞ்சம் ஒசத்தணும். பெடல் தண்டும் நீளம் கொறஞ்சது போடணும், அப்பந்தான் சுத்தி வரும். ஒங்களுக்குத் தெரியுமுன்னு நெனச்சேன்."

முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டுக்கால் வாத்தியாருக்குத் தெரியும். பதினோரு வயது மகளுக்குத் தெரியும். இருபது செவ்வாய்க்கிழமை அந்தக் காலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. நான் சைக்கிளைத் தயார் செய்து கொண்டுவந்தது ஆனி மாதத்தில் விழுவதற்கு முன்னால் இருந்த ஒருவனுக்கு. இங்கே இருக்கிறவனை வியாழக்கிழமைக்காரன் டிகிரி டிகிரியாக மடக்கி வளர்த்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே கருங்கல்காரனுக்குப் போன் செய்தேன். அந்த எண்ணை அழுத்துவதற்கு முன் மூன்று முறை வீட்டைச் சுற்றி நடந்தேன். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் போடுகிற நீளத்தில் தண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவனிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்திருக்கிறான். நான் சைக்கிளைப் பூட்டி வைத்திருந்ததால் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறான். மறுநாள் கொண்டுவந்தான். இருவரும் என் கார்ஷெட்டில் குந்தியிருந்து மாற்றினோம். அவன் பிடிக்க, நான் முடுக்கினேன். நல்லவன். அது எனக்கு ஒன்றும் உதவவில்லை.

முதல் ஓட்டம் தோவாளையில் இருந்து செண்பகராமன்புதூர் வரை, வயல் நடுவே போகிற சமதளச் சாலை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. என் சிநேகிதன் யாருக்குப் பின்னால் வருவான்? நான் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் போய் என் சைக்கிளை நிறுத்தினேன். பக்கத்தில் கருங்கல்காரனும் வந்து நின்றான்.

சிநேகிதன் என்னைத்தான் கூப்பிட்டான். கிட்டே போனேன்.

"மக்கா, முன்னால யாரும் வேண்டாம்."

"நான் மெதுவா போவேன்டே. ஒனக்கு ஏத்த மாதிரி."

"அதில்லை. முன்னால ஒரு சக்கரம் உருண்டா எனக்க கை தன்னால பிரேக்குக்குப் போவுது. கார்ல இருக்கும்போதே போவுது. ஒனக்க சக்கரமா இருந்தாலும் அப்படித்தான். நீ பொறத்தால வா. காத்து நான் பாத்துக்கிடுதேன்."

அவன் மெல்ல நகர்ந்தான். வலதுகால் மேலே வரும்போது ஒரு சின்னத் தயக்கம், பிறகு சுற்று, தயக்கம், சுற்று. வயலில் இருந்து காற்று நேராக அவன் முகத்துக்கு வந்தது. ஆறு வருடத்தில் முதல்தடவையாக அவனுடைய முதுகைக் கிட்டத்தில் பார்த்தேன். பனியன் தொளதொளத்துக் கிடந்தது. இளைத்துப்போயிருந்தான். அந்த முதுகு மறைக்கிற காற்று ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது.

நான் அவன் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் இருபது பேர். கொஞ்ச தூரம் போனதும் கருங்கல்காரன் பக்கவாட்டில் ஏறிவந்தான்.

"அண்ணே, கொஞ்ச நேரம் நான் அவருக்க வீல் பிடிக்கட்டா? நீங்க பொறத்த வாருங்க."

முறை அதுதான். அவனுக்கு என்னைவிட உரிமையும் உண்டு. நான் காற்றில் கேட்காதவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஒரு சாண் இடைவெளியையும் அரைச் சாணாக்கினேன்.