நஸீமா ராத்தா கொண்டுவந்த மிக்சர் பைக்கற்

டொக்... டொக்...

திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில், காற்றின் அமுக்கத்தை அளக்கிற பாரமானியின் கண்ணாடியை அப்பா நகத்தால் தட்டும் சத்தம் அது. தட்டினால்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் முள் சரியான இடத்துக்கு வருமாம். அப்பா எண்ணைச் சொல்லுவார், நான் கொப்பியில் எழுதுவேன். ஆயிரத்துப் பத்து... ஆயிரத்துப் பதினொன்று... பள்ளிக்கூட விடுமுறையில் எனக்கு அதுதான் வேலை.

அமுக்கம் என்றால் ஆயிரத்துப் பத்துச் சொச்சம். அது அப்படியே மண்டையில் பதிந்துபோனது.

பிறகு மருத்துவப் பௌதிகவியலில் முதுமாணி படிக்க மலைநாட்டுக்குப் போனேன். ஊரில் அந்தப் படிப்பை விளங்கப்படுத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "அப்ப நீங்கள் டொக்டரோ?" இல்லை. "நேர்ஸோ?" அதுவும் இல்லை. புற்றுநோய்க்காரருக்குக் கொடுக்கும் கதிர் சரியான அளவில் வருகிறதா என்று மெஷினை அளந்து பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

நஸீமா ராத்தாவைச் சந்தித்தது மலைக்குப் போகிற பஸ்ஸில். மூதூர்க்காரர், அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். மார்பில் புற்றுநோய். நான் பயிற்சி எடுத்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவருக்குக் கதிர்ச் சிகிச்சை. எங்கள் பக்கத்தில் அதைக் "கரண்ட் பிடிக்கிறது" என்பார்கள். நான் படிக்கிறதைச் சொன்னதும், பக்கத்து சீற்றில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நீதான் அளக்கிறியா புள்ள? அப்ப எனக்குப் பயமில்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாகத் தனியே மெஷினை அளந்தேன். சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கருவி, அதற்குள் கொஞ்சம் காற்று. கதிர் பட்டால் அந்தக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை அது அளக்கும். அமுக்கம் குறைந்து காற்று ஐதாக இருந்தால் கணக்குக் குறைந்து காட்டும். அதனால் அன்றைய அமுக்கத்தைப் போட்டுத் திருத்த வேண்டும்.

லாப் பாரமானியைத் திருத்தக் கொடுத்திருந்தார்கள். ஃபோனில் வானிலை பார்த்தேன். ஆயிரத்துப் பதினொன்று.

வேறு யாரும் என்றால் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். எனக்கோ அது ஊர்க்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அப்படியே எழுதினேன். மெஷின் ஐந்து வீதத்துக்கு மேல் குறைவாகத் தருவதாக விடை வந்தது. மூன்று தரம் அளந்தேன், மூன்று தரமும் அதே விடை. எனக்குப் பயிற்சி தந்த சேரிடம் சொன்னேன்.

"நல்லாப் பாத்தனீரோ?"

"ஓம் சேர். மூண்டு தரம்."

"சரி. நாளைக்குக் காலமை முதல் ஆளுக்கு முன்னம் கதிரைக் கூட்டி விடுவம்."

திங்கள் காலையில் அந்த முதல் ஆள் நஸீமா ராத்தா. ஊருக்குப் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார், கழுத்துக்குக் கீழே தோல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பையிலிருந்து ஒரு மிக்சர் பைக்கற்றை எடுத்து நீட்டினார்.

"மூதூர்ல வாங்கக்குள்ள நல்லாத்தான் இருந்திச்சு. இஞ்ச வந்து பாரு, ஊதிப் போய் இரிக்கி! வஸ் மலைல ஏறக்குள்ள எனக்குக் காதும் அடச்சிப் போச்சு புள்ள."

சிரித்துக்கொண்டே வாங்கினேன். பைக்கற் பலூன் மாதிரி இறுகி இருந்தது...

அதை விரலால் அமுக்கிப் பார்த்தேன்.

நான் நிற்பது மலையில். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அமுக்கம் குறையும், அதுதான் பைக்கற் ஊதியது. இங்கே எப்படி ஆயிரத்துப் பதினொன்று வரும்? வானிலைக்காரர் எல்லா ஊர் அமுக்கத்தையும் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் போடுவார்கள். புத்தகத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதின விஷயம். கணக்கைக் குறைத்தது ஐதான காற்று. மெஷின் சரியாகத்தான் இருந்தது, பிழை என்னில். அதைக் கூட்டியிருந்தால் அன்றைக்கு வந்த எல்லோருக்கும் கூடுதல் கதிர் போயிருக்கும். அந்தக் கறுத்த தோலுக்கும்.

ஓடினேன். சேர் மெஷினைக் கூட்ட ஆயத்தமாக நின்றார்.

"சேர், வேண்டாம்! நான் பிழை விட்டிட்டன்."

படிப்பு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சேர் ஏசவில்லை. வேறு லாப்பிலிருந்து பாரமானி எடுப்பித்து, எல்லோரையும் காக்க வைத்து, என்னையே திரும்ப அளக்கச் சொன்னார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் பார்த்து அளந்தேன். வாங்கில் இருந்தவர்கள் தாமதத்துக்கு முணுமுணுத்தார்கள். ராத்தா மட்டும், "அவ நல்லா அளக்கட்டும்" என்றாராம்.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பாரமானியையும் கழற்றிவிட்டார்களாம். நான் வேலை செய்யும் இடத்தில் அமுக்கத்தைக் கருவியே பார்த்துத் தானே திருத்திக்கொள்கிறது. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பயம் தெரியாது, நல்லதுதான். ஆனாலும் அந்த எண்ணை நான் ஒருதரம் கையால் எழுதிப் பார்க்காமல் விடுவதில்லை.

போன மாதம் நஸீமா ராத்தா மௌத்தாகிவிட்டார். நோய் திரும்ப வந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. மூதூருக்குப் போனேன். அவருடைய மகள் என் கையைப் பிடித்து அழுதாள்.

"உம்மா எப்பவும் சொல்லுவா... திருகோணமல புள்ளதான் எனக்குக் கரண்ட் அளந்திச்சு, அதுட கையால ஒரு சொட்டுக் கூடயும் இல்ல, குறயவும் இல்லண்டு."

சரியாக அளந்தது நான் இல்லை, உன் உம்மாதான் என்று சொல்ல அந்த வீட்டில் எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.