கம்பளிக்குத் தீட்டு இல்லை

என் பீரோவின் கீழ்த்தட்டில், யாரும் தொடாத ஓரத்தில், கையில்லாத கம்பளி ஸ்வெட்டர் ஒன்று மடித்துக் கிடக்கிறது. ஒரு காலத்தில் காப்பிப்பொடி நிறம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கழுத்தோரம் பூச்சி அரித்திருக்கிறது. அக்குளுக்குக் கீழே வேறு நூலில் நான் போட்ட தையல் கோணிக்கொண்டு நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதை வெயிலில் போடும்போதெல்லாம் மருமகள், "இதத் தூக்கிப் போட்டா என்ன அத்தை?" என்பாள். திண்டுக்கல் வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அதை முகர்ந்தால், நிஜமோ பிரமையோ, தைலமும் டீசலும் கலந்து இன்னும் மணக்கிறது. உடனே தை மாதத்து விடியலும், பனி மூடிய பழனி ரோடும், அரக்குப் பட்டு கட்டி, மேலே காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்துபோகும் ஒருத்தியும் கண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள்.

அவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். நல்ல வாய்த்துடுக்கு, நல்ல சிரிப்பு, கூடவே பொல்லாத மூச்சிழுப்பு. கார்த்திகை பிறந்தால் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள், மாசிச் சிவராத்திரி கழிந்துதான் வெளியே விடுவார்கள். மார்கழியில் நான் வாசலில் கோலம் போட, அவள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அந்தப் புள்ளி தள்ளிப் போச்சு தாயி" என்று திருத்துவாள். தெருவில் பனி எப்படி இறங்குகிறது, எட்டத்தில் மலைக்கோட்டை தெரிகிறதா மறைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருக்கிற பனியை வெளியூர்ச் சேதி போலக் கேட்கிறாளே என்று எனக்கு அழுகை வரும்.

தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பழனிக்கு நடக்கும் கூட்டத்தோடு தானும் நடக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என்ன நேர்த்திக்கடன் என்று எல்லாரும் கேட்டார்கள். "நேர்த்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் நடக்குற பனியில நானும் நடக்கணும், அம்புட்டுத்தான்" என்பாள். பிள்ளை வரம் கேட்டுத்தான் போகிறாள் என்று ஊரே அதற்கு ஒரு காரணம் கட்டிவிட்டது. அவள் அதையும் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

அவள் கணவர், எங்கள் வீட்டுப் பெரியவர், கொடைக்கானல் பஸ் ஓட்டினார். குளிரைப் பற்றி அந்தத் தெருவிலேயே தெரிந்த ஒரே ஆள். மற்றவர்களுக்குக் குளிர் என்றால் ஒரு போர்வை, அது போதாவிட்டால் இன்னொரு போர்வை. அவரோ அடிவாரத்தில் வெறும் சட்டையோடு வண்டியை எடுப்பார். மலை ஏற ஏற ஸ்வெட்டர், கோட்டு, கழுத்தில் மப்ளர் என்று ஒவ்வொன்றாகப் போடுவார். இறங்கும்போது அதே வரிசையில் கழற்றுவார். "குளிர் வாரதுக்கு முன்னால போடணும், வேர்வை வாரதுக்கு முன்னால கழட்டணும்" என்பது அவர் வாக்கு. வீட்டில் அதிகம் பேசமாட்டார். நானோ அவர் எதிரில் நின்று பேசியதே இல்லை, அந்தக் காலத்து வழக்கம் அது.

முதல் வருடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிப் போனாள் அக்கா. எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விடியுமுன் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டிய துணி ஈரமாக இருக்க, அந்த ஈரத்தோடுதான் காலெடுத்து வைக்க வேண்டும். முந்தின நாள் உடுத்திய காய்ந்த துணி சுத்தம் ஆகாது. அக்கா ஈரச் சேலைக்கு மேலேயே புருஷன் சட்டை, அதற்கு மேலே கோட்டு, அதற்கும் மேலே ஜமுக்காளம் என்று சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி சுற்றிக்கொண்டாள். வெயில் ஏறியும் ஒன்றையும் கழற்றவில்லை, கழற்றினால் பனி அடித்துவிடும் என்ற பயம். உள்ளே இருந்த ஈரம் காயவே இல்லை. காலையில் அது கிணற்றுத் தண்ணீர், மதியத்தில் வேர்வை, ராத்திரியில் இரண்டும் சேர்ந்து ஐஸ். ஒட்டன்சத்திரம் போய்ச் சேரும் முன்பே மூச்சு விசில் அடித்தது. பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பெரியவர் பார்த்தார். "போதும்" என்று ஒரே சொல் சொன்னார்.

அந்த வருடம் முழுக்க அக்கா அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அடுத்த தை வந்ததும் பெரியவரிடம் மறுபடி கேட்டாள். அவர், "இந்தத் தடவை இழுத்துச்சுன்னா, இனிமே கடைசி வரைக்கும் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். அக்கா சரி என்றாள். அப்புறம், "உங்க ஸ்வெட்டரக் குடுங்க" என்றாள். "எதுக்கு மேல போடுறதுக்கு?" "மேல இல்ல. எல்லாத்துக்கும் அடியில." அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தை நடத்திப் போகும் குருசாமிதான் மிச்சமிருந்த தடை. புறப்படும் விடியலில் எல்லாரும் ஈரத்துணியில் வெடவெடத்து நிற்க, அக்கா மட்டும் தலைக்கு ஊற்றி, துவட்டி, காய்ந்த உடையில் வந்து நின்றாள். அதுவும் எப்படி? உடம்போடு ஒட்டி ஸ்வெட்டர், அதன்மேல் பட்டு ரவிக்கை, அவள் கல்யாணத்து அரக்குப் பட்டு, மேலே பெரியவரின் காக்கிக் கம்பளிக் கோட்டு, தலையைச் சுற்றி மப்ளர். குருசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, கட்டுப்பாடு தெரியுமில்ல?"

"தெரியும் சாமி. கம்பளிக்கும் பட்டுக்கும் தீட்டு இல்லன்னு அந்தக் காலத்துப் பெரியவுக சொல்லியிருக்காகளா, இல்லையா? பருத்தித்துணி ஒண்ணு எம்மேல இருந்தா நீங்களே காட்டுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். குருசாமி அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் தோளிலேயே ஒரு கம்பளித் துண்டு, அவர் துவைத்து யாரும் பார்த்ததில்லை. "நடங்க, நடங்க, நேரமாச்சு" என்று முன்னால் போய்விட்டார்.

அந்த நடையை நினைத்தால் நடந்ததாகவே தோன்றுவதில்லை, மிதந்துபோனது போல்தான் இருக்கிறது. பனிக்குள் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று மறைந்தன. காவடிச் சலங்கை முன்னால் எங்கோ கேட்கும், ஆள் தெரியாது. வெயில் கீற்று விழுந்ததும், வேர்வைக்கு முன்னால், அக்கா கோட்டைக் கழற்றி என் தோளில் போடுவாள். கொஞ்ச தூரத்தில் மப்ளர். பொழுது சாயத் தொடங்கியதும், குளிருக்கு முன்னால், என்னிடமிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போகும். வழியெல்லாம் அவளுக்கு நான்தான் ஆணி அடித்த சுவர். ஸ்வெட்டர் மட்டும் கழற்றவில்லை. அது அவளைப் பிடுங்கி எடுத்தது. "அரிக்கட்டும் தாயி. இழுக்குறதுக்கு அரிக்கிறது எம்புட்டோ மேலு" என்று முதுகை மரத்தில் தேய்த்துக்கொள்வாள். ஒட்டன்சத்திரத்தில் வெந்நீர் கொடுத்த அம்மாள் பட்டைப் பார்த்து, "ஏனுங்க, யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டாள். "எனக்குத்தான் ஆத்தா" என்றாள் அக்கா. வெட்கப்படவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. புறப்பட்ட அன்று ரெட்டியார்சத்திரம் தாண்டுகையில் பின்னால் ஒரு பஸ் வெளிச்சம் வந்தது. எங்கள் பக்கம் வந்ததும் வேகம் குறைந்து, ஹாரன் அடிக்காமல், எங்கள் நடைக்குச் செத்த நேரம் உருண்டது. பிறகு போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அந்தச் சில நாளைக்குப் பெரியவர் யாரிடமோ கேட்டு மலை வண்டியை விட்டுப் பழனி வண்டிக்கு மாறியிருந்தார். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "திரும்பாத. பாத்தோம்னா நிப்பாட்டிருவாக."

கடைசி விடியலில் சத்திரப்பட்டி தாண்டியதும் பனி கைக்கு எட்டுகிற சுவராக நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது, அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி போல. அவள் ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்தாள். மப்ளரை இழுத்து மூக்கையும் வாயையும் மூடி, அதற்குள்ளேயே மெல்ல மெல்ல மூச்சு வாங்கினாள். அவள் கண் மட்டும் தெரிந்தது. பழனிமலை எதிரில்தான் இருக்கிறது, ஆனால் பனியில் அதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து, பின்னால் வெளிச்சம். உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டால் முடிந்தது கதை. அக்கா எழுந்தாள். என் தோளைக்கூடப் பிடிக்காமல், கையை வீசி, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். பஸ் உருண்டது. நாங்களும் நடந்தோம். எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம். பஸ் தாண்டிப்போய்ச் சிவப்பு விளக்கும் மறைந்த பிறகு என்மேல் சாய்ந்தாள். அப்படியே நின்றோம். கம்பளிக்குள் அவள் மூச்சு சூடாகி, இளகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கிற்று.

மலைப்படி ஏறும்போது கோட்டு, மப்ளர் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. உச்சியில், காற்றில், பட்டுச் சேலை படபடக்க அவள் நின்றதைப் பார்த்து நான் சாமியை விட்டுவிட்டு அவளையே கும்பிட்டேன். கீழே பஸ் ஸ்டாண்டில் பெரியவர் போர்வையோடு காத்திருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் அரிச்சுச்சா?" என்றார். "அரிச்சுச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவளால் முடிந்த வருடமெல்லாம் நடந்தாள். முடியாமல் போனபோது ஸ்வெட்டரை என் மடியில் வைத்தாள். அவளும் பெரியவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இப்போது எனக்கு இழுப்பு. என் மகன் நல்லவன், அதனால் கார்த்திகை பிறந்தால் கதவைச் சாத்துகிறான். இந்தத் தையில் ஒருநாள் விடியலில், ஜன்னலுக்கு வெளியே பழனிக்குப் போகிறவர்களின் சலங்கை கேட்டது. வீடு தூங்கிக்கொண்டிருந்தது. பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் போட்டேன். அரித்தது. அதன்மேல் மற்றதெல்லாம் போட்டு, மூக்கைத் துண்டால் மூடி, தாழ்ப்பாளை மெல்ல நீக்கி ரோட்டுக்கு வந்தேன். பனி இறங்கியிருந்தது. பழனி ரோட்டில் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன். பின்னால் ஒரு வெளிச்சம் வந்தது. என் மகனின் ஸ்கூட்டர், சத்தம் எனக்குத் தெரியும். அது ஹாரன் அடிக்கவில்லை. என் நடைக்கு மெல்ல உருண்டு வந்தது.

நான் கையை வீசி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான்.