இரண்டு மடங்கு வாசகர்கள்

அண்ணிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வெங்காயம் வழக்கத்தைவிடப் பொடியாக விழும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரு மாட்டுனது?" என்றான்.

மாட்டியது கல்லூரி முதல்வர்.

அண்ணி அங்கே நூலகர். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். புத்தகம் தேடக் கற்றுத்தரும் வகுப்பு என்று பெயர். அவர் கொண்டுவருவது செய்தித்தாளும் விளம்பரமும். பத்தில் ஒன்பது பேர் ஒரு பற்பசையை விரும்புவதாக இருந்தால், "எந்தப் பத்துப் பேரு? கேட்டது யாரு? கேட்டவனுக்குச் சம்பளம் கொடுத்தது யாரு?" என்பார். தெரியாது என்றால் திட்டமாட்டார். தெரிந்த மாதிரி தலையாட்டினால் தொலைந்தோம்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை என்ற விளம்பரத்தை நம்பித்தான் அவருடைய அப்பா அவரை ஒரு படிப்பில் சேர்த்தாராம். அந்த நூறு பேர் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. பிறகு நூலகப் படிப்பு. இந்த வகுப்பை வாங்க நாலு வருடம் நடையாய் நடந்தார்.

போன மாதம் கீழ்த்தளக் கழிப்பறையில் குழாய் உடைந்தது. பெண்களுக்கு இருக்கும் இன்னொன்றுக்கு நூலகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் ஆள் எண்ணும் கருவிக்கு யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரியுமா? மாதக் கடைசியில் வருகை இரண்டு மடங்கு. வாசிப்பு பெருகிவிட்டது, இனி நூலக வகுப்பு தேவையில்லை, அந்த நேரத்தை நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று முதல்வர் அறிக்கை எழுதிவிட்டார்.

"சார், அவங்க பாத்ரூமுக்கு வர்றாங்க. வெளிய எடுத்துட்டுப் போற புத்தகத்தோட எண்ணிக்கை கொஞ்சம்கூட ஏறலை," என்று அண்ணி போய்ச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்கு வந்தா என்னம்மா? வந்தாங்கல்ல? வந்தவங்களை வளைச்சுப் போடுறது உங்க சாமர்த்தியம்."

இதைக் கேட்டு அண்ணன், "சம்பளத்துல கை வைக்கலையே, விடேன்," என்றான்.

"விரலை வெட்டிட்டு மோதிரம் பத்திரமா இருக்குன்னு சொல்றீங்க," என்றார் அண்ணி.

மறுநாள் கழிப்பறை வரிசையின் பக்கத்தில் செய்தித்தாளோடு வந்து நின்றார். பாடம் ஆரம்பித்துவிட்டது.

"மேடம், சராசரி அப்புறம். எனக்கு அவசரம்," என்றாள் ஒருத்தி.

"நீ போ. அடுத்தவ சொல்லு, இந்த வரைபடத்துல அளவுகோல் பூஜ்யத்துல ஆரம்பிக்குதா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு முதல்வர் வந்தார். "என்னம்மா கூத்து இது?"

"உங்க ரெண்டு மடங்கு வாசகர்கள் சார். வளைச்சுப் போடுறேன்."

அண்ணி சிரிக்கவில்லை. நாங்களும் நிறுத்திவிட்டோம்.

ஒரு மாதமாக ஆள் கிடைக்காத அந்தக் குழாய் மறுநாளே சரியானது. வரிசை கலைந்தது. வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஏழெட்டுப் பேர் அவர் மேசையைச் சுற்றி நிற்கிறோம். முதல் பாடமாக முதல்வரின் அறிக்கையையே எடுத்தார். படித்து முடித்துவிட்டு, "இந்த ரெண்டு மடங்கு யாரு? எண்ணுனது யாரு?" என்றார்.