காதில் விழாத வழக்கு

எங்கள் பேட்டையான தாமுவேயில் ஜமாஅத்தார் வழக்குத் தீர்த்து வைக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் என் வீட்டுக்காரர். கோபக்காரர், ஆனால் நியாயமானவர் என்று பெயர்.

போன மழைக்காலத்தில், மாடி வீட்டு ஜமீலாவின் குழாய் ஒழுகித் தன் கடை நனைகிறது என்று கீழ்க்கடைக்காரர் வழக்குக் கொண்டுவந்தார். "குழாயை மாத்திட்டேன் மாமா. இப்ப ஒழுகுறது மழைத்தண்ணி" என்றாள் ஜமீலா. என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, "இன்னும் ஏன் மாத்தலை?" என்று அதட்டி, எல்லாம் அவள் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவள் புகார் கொடுத்தாள். மரியாதைக்கு 'ஊ' சேர்த்து நாங்கள் கூப்பிடும் ஜமாஅத் தலைவர் ஊ காசிம் சபையைக் கூட்டி, "அந்தப் பெண் சொன்னதை ஏன் மதிக்கவில்லை?" என்று உரத்த குரலில் விசாரித்தார். பதவியைப் பறித்துவிடுவார்களோ என்று பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் பயந்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பிறகு ஜமீலாவைப் பார்த்து, "எனக்குக் காது சரியாக் கேக்கலைம்மா. அதை மறைச்சுட்டு உக்காந்தது தப்பு. மன்னிச்சுக்க" என்றார்.

தீர்ப்பை ரத்து செய்தார்கள். காதுக்கு மெஷின் வைக்கும்வரை இவர் வழக்கு விசாரிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நல்ல டாக்டரை விசாரித்துச் சொன்னவள் ஜமீலாதான்.

வீட்டில் நான் உரக்கப் பேசிப் பேசியே அவர் குறையை மூடியிருக்கிறேன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது சாதாரணமாகவே பேசுகிறேன். மெஷினைக் கழற்றி வைத்திருக்கும்போது, "என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு" என்று அவரே பக்கத்தில் வந்து உட்காருகிறார்.