நானே எழுதிய அலாரம் மனு

குத்தகைக்காரரோடு நிலத்தகராறு முற்றியபோது, விதைநெல் மூட்டைகளைக் கீழ்வேளூர் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். காவலுக்கு ஓர் அலாரமும் பொருத்தினேன். கூடத்தில் எது அசைந்தாலும் அலறும். காலையில் அதை முடுக்கிவிட்டுக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "பகலெல்லாம் அலாரம் சத்தம் தாங்கலைங்க சார். பொண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை. பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

எதிர்வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். பூட்டிய அந்த வீட்டிலும் அலாரம் உண்டு. வேறு யாருடையதாக இருக்கும்? 'அண்டை வீட்டாரை மனிதராக மதிக்காதவர்' என்று தொடங்கி மூன்று பக்கம் விளாசினேன். ஒயரை அறுத்தெறிய வேண்டும் என்று முடித்தேன். எங்கள் தெருவில் இரண்டு கழகத்தாரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே மனு அதுதான்.

அடுத்த வாரம் ஒருநாள் மதியமே திரும்பினேன். தெருமுனையிலேயே காதைப் பிளந்தது சத்தம். பேரூராட்சி ஊழியர் என் மனுவோடு என் வாசலில் நின்றிருந்தார்; கூடவே பக்கத்து வீட்டுக்காரரும். கதவைத் திறந்தால், நெல் மூட்டைகளின் மேல் எலிகள்! தினமும் இதே கச்சேரிதானாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க!" என்றேன்.

"மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எழுதும்போது உங்களுக்கே உறைக்கும்னு நெனச்சோம். மூணு பக்கம் எழுதியும் உறைக்கலையேங்க!"

அவர் மகள் படிக்க இடமில்லாமல் பட்டுக்கோட்டை அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றே அழைத்துவரச் சொன்னேன். ஊழியர் மனுவின் கடைசி வரியை உரக்கப் படிக்க, நானே ஒயரை அறுத்தேன்.