பிரவுன்ஸ் தீவுச் சேற்றில் ஓர்க்காக்களுடன்

காலை ஏழரை மணிக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் மலர் வீட்டு வாசலில் காரில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. தோசை ஒரு டப்பா, மிளகாய்ப்பொடி ஒரு டப்பா, ஆறு ஆரஞ்சுப் பழம், மூன்று மழைச்சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாயும் ஒரு சுத்தியலும். கடலில் உல்லாசமாகச் சுற்றிவிட்டு வரப் போகிறவர்களுக்குச் சுத்தியல் எதற்கு என்று கேட்டேன்.

"அது ஓர்க்காவுக்கு அக்கா" என்றார் மலரின் கணவர் ரவீந்திரன், ஊறுகாய் எடுத்து வைத்ததைச் சொல்வது மாதிரி.

மலர் மலேசியாவில் ஈப்போக்காரி. சிங்கப்பூரில் நானும் அவளும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம், ஒரே அறையில் தங்கினோம், ஒரே கடையில் பரோட்டா தின்றோம். பிறகு நான் தூத்துக்குடிக்கு வங்கி வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவள் யாழ்ப்பாணத்து ரவீந்திரனைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு வந்துவிட்டாள். அவர் த்ரீ கிங்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவளுக்கு எல்லர்ஸ்லியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, அதுவும் படகுகளுக்கான பிரிவில்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பாய்மரப் படகால் சண்டை. ரவி போன வருடம் ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பழைய படகை வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை ஓட்டிக்கொண்டு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிரேட் பேரியர் தீவுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மலரோ ஸ்பெயின், போர்த்துகல் பக்கம் ஓர்க்கா என்கிற கொலைத் திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கும் வீடியோக்களைப் பார்த்துத் தொலைத்திருந்தாள். அவற்றில் சில படகுகள் மூழ்கியே போயின. நான் வந்து இறங்கிய அன்றே வழக்கு என்னிடம் வந்துவிட்டது.

"அக்கா, ஒரு நாள் எங்ககூட வாங்க. இந்த போட்டை வெச்சுக்கலாமா, வித்துடலாமான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை ரெண்டு பேரும் கேக்குறதா பேசியாச்சு" என்றாள்.

கடற்கரை ஊரில் பிறந்தவள் என்ற ஒரே தகுதியில் எனக்கு நீதிபதி பதவி. நானும் கூச்சப்படாமல் ஏற்றுக்கொண்டேன்.

படகுத்துறை இருக்கும் வெஸ்ட்ஹேவன் சுமார் ஒன்பது கிலோமீட்டர். வழியில் மலரிடம் கேட்டேன், ஓர்க்கா இடித்தது என்று உன் அலுவலகத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று.

"ஒருத்தரும் வரல லா. எல்லாம் மண்ணுல ஏத்திட்டு வர்ற கேஸ்தான். இல்லாட்டி ஜெட்டில கொண்டுபோய் முட்டியிருப்பாங்க."

"அப்புறம் என்ன பயம்?"

"ஃபைலைப் பார்த்தா பயம் போயிடுமா? அந்த வீடியோவுல சுக்கான் படார்னு உடையுது அக்கா. சத்தம் காதுலயே இருக்கு."

"இஞ்ச அப்பிடி ஒண்டும் நடந்ததா நான் கேள்விப்படேல்ல" என்றார் ரவி. "ஆனாலும் ஆயத்தமா இருக்கிறதில என்ன பிழை? குழாயைத் தண்ணிக்குள்ள விட்டு அடிச்சா அந்தச் சத்தத்துக்கு அதுகள் கிட்ட வராதாம். அங்கத்தையான் ஆக்கள் அப்பிடித்தான் செய்யினம்."

வெஸ்ட்ஹேவனில் இறங்கியதும் ஆளுக்கொரு காப்பி. ஒரு காப்பி ஆறரை டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்று என்னையே அதட்டிக்கொண்டு குடித்தேன். நல்ல காப்பிதான், அதையும் சொல்ல வேண்டும். எதிரே நூற்றுக்கணக்கான கம்பங்கள், காற்றில் கயிறுகள் அவற்றில் மோதிக் கிணுகிணுவென்று ஒரே சத்தம். தலைக்கு மேலே துறைமுகப் பாலத்தில் அலுவலகம் போகிற கார்கள் வரிசை கட்டி நின்றன. வார நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற சுகம் அந்த வரிசையைக் கீழே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

படகின் பெயர் வள்ளி. பூசை போட்ட கதையை ரவி சொன்னார். கார் என்றால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிடலாம். சக்கரமே இல்லாத வாகனத்துக்கு எங்கே வைப்பது? கோயில் ஐயரே கொஞ்ச நேரம் யோசித்தாராம். கடைசியில் நாலு பழத்தைத் தண்ணீரில் போட்டு அவற்றின் மேல் படகை ஓட்டச் சொன்னாராம். பழங்கள் நசுங்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி மிதந்து போய்விட்டன. அன்றிலிருந்தே மலருக்கு மனசு சரியில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். தென்மேற்குக் காற்று அளவாக இருந்தது. பாய் விரிந்ததும் ரவி எஞ்சினை நிறுத்தினார். வலது பக்கம் சரக்குத் துறைமுகம் போயிற்று, இடது பக்கம் டெவன்போர்ட்டின் மர வீடுகள் போயின. நார்த் ஹெட் குன்றைத் தாண்டியதும் எதிரே ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவு கரும்பச்சையாக எழுந்து நின்றது. எந்தப் பக்கம் போனாலும் அதற்கு ஒரே முகம்தான். நங்கூரம் போட்ட கப்பலை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்குப் பாய்மரத்தில் போவது இதுதான் முதல் தடவை. சும்மா சொல்லக் கூடாது, உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ரவிக்கு அதைவிட. மருந்துக்கடை வெள்ளைக் கோட்டில் பார்த்த மனிதரா இவர் என்று தோன்றியது. சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். மலர் மட்டும் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

பதினொரு கிலோமீட்டர் போல் வந்திருப்போம். முன்னால் பிரவுன்ஸ் தீவு. ஆள் குடியிருப்பு இல்லாத, புல் மூடிய சின்ன எரிமலை. மாவோரி மொழியில் அதற்கு மோட்டுகொரியா என்று பெயர். அங்கேதான் மலர் என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த இடம் மறுநாள்வரை வலித்தது.

தண்ணீருக்கு மேலே ஐந்து முதுகுத் துடுப்புகள். நாலு சிறியவை, ஒன்று என் உயரத்துக்கு நட்டமாக நின்றது. கறுப்பு முதுகுகள் எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, மறுபடி அமிழ்ந்தன. எங்களைப் பார்த்துத்தான் வந்தன.

ரவியின் பாட்டு நின்றது. அடுத்த பத்து நிமிடத்தில் அவர் செய்தவை எல்லாம் போர்த்துகல் மாலுமிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள். பாயை இறக்கு, எஞ்சினைப் போடு, ஆழமில்லாத பக்கம் ஒதுங்கு. ஒன்று விடாமல் செய்தார். தீவின் தெற்குப் பக்கம் கரையோரமாக ஒதுங்கினோம்.

திருக்கை மீன் ஆழமில்லாத சேற்றில்தான் படுத்திருக்கும் என்பது தூத்துக்குடியில் மீன் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆக்லாந்து ஓர்க்காவுக்குத் திருக்கை என்றால் உயிர் என்பது ரவிக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் புத்தி வரவில்லை. அவை எங்களைத் துரத்தவே இல்லை. சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள்தான் முந்திக்கொண்டு போய் அவற்றின் பந்தியில் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தோம் என்பது நிஜம். படகின் அடிப்பகுதி மெத்தென்று எதிலோ இறங்கியது. தோசை டப்பா ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்குச் சறுக்கியது. வள்ளி சேற்றில் நின்றுவிட்டாள்.

"மண்ணுல ஏத்தியாச்சு" என்றாள் மலர். அவள் அலுவலகத்தில் தினம் படிக்கிற வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"தண்ணி ஏறிக்கொண்டுதான் இருக்கு. ஒரு மணித்தியாலத்தில தானா மிதக்கும்" என்றார் ரவி. சொல்லும்போதே குனிந்து குழாயை எடுத்தார். ஐந்து துடுப்புகளும் எங்களுக்கும் கரைக்கும் நடுவில் வந்துவிட்டிருந்தன. குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கிச் சுத்தியலை ஓங்கினார்.

ஓங்கிய கையை மலர் எட்டிப் பிடித்தாள். "வேணாம்ங்க! இங்க அதுங்க பக்கத்துல சத்தம் போட்டாலே குத்தம் லா. அம்பது மீட்டருக்குள்ள போனாலே குத்தம்."

"நாங்கள் போகேல்ல, அதுகள்தான் வருது!"

"வந்தா சும்மா இருக்கணும். எஞ்சினை நிப்பாட்டுங்க. குட்டி வேற இருக்கு பாருங்க."

இருந்தது. தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் மஞ்சள் பூத்த ஒரு குட்டி. ரவி சுத்தியலைக் கீழே வைத்தார். எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. தண்ணீர் படகில் தட்டுகிற சத்தமும் அவற்றின் மூச்சும் மட்டும்தான் கேட்டன.

ரவி படகின் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மெதுவாக, என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அக்கா. மன்னாரில இருந்து ராமேஸ்வரத்துக்கு வரேக்க நடுக்கடல்ல எஞ்சினை நிப்பாட்டிப் போட்டாங்கள். தூரத்தில நேவிக்காரன்ர போட். ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. அம்மா என்ர வாயைப் பொத்திப் பிடிச்சிருந்தவ. எனக்கு ஒன்பது வயசு. போட்டுக்கு அடியில ஏதோ ஒண்டு உரசிக்கொண்டு போச்சுது. என்னண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

மலர் அவரைப் பார்த்தபடியே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்பது முதல் தடவை என்று அந்த முகமே சொல்லியது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அப்போது பெரிய துடுப்புக்காரன் எங்கள் பின்பக்கம் வந்தான். சுக்கானுக்கு மிக அருகில். தண்ணீர் கலங்கிப் பழுப்பாக மேலே வந்தது. தலை கீழே போயிற்று, வால் வெளியே நின்று ஆடியது. பிறகு எழுந்தான். வாயில் பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு திருக்கை. ஒரு உதறு உதறினான். அது காற்றில் திரும்பி விழுந்தது, குட்டி அதைப் பிடிக்க ஓடியது. எங்கள் படகை அவன் ஒரு கல்லுக்குக் கொடுக்கிற மரியாதைகூடக் கொடுக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

"ஐயோ, ஊட்டி விடுதுங்க!" என்றாள் மலர். பயந்த குரல்தான், ஆனால் சிரித்துவிட்டாள். ரவியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அன்றைக்கு நிஜமான ஆபத்து எதிர்க்கரையில் செயின்ட் ஹெலியர்ஸ் பக்கமிருந்து வந்தது. ஒரு மோட்டார் படகு, வேடிக்கை பார்க்கிற அவசரத்தில் நுரை பறக்க, நேராகக் குட்டி இருந்த பக்கம் பாய்ந்தது. மலர் எழுந்தாள். கையில் கிடைத்தது அந்த இரும்புக் குழாய்தான். அதைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, "ஸ்லோ டவுன்! பேபி இருக்கு! பேபி!" என்று ஆங்கிலமும் தமிழுமாகப் போட்ட சத்தத்தில் எந்தச் சட்டமும் நினைவில் இல்லை. மழைச்சட்டை போட்ட காளி. படகுக்காரன் வேகத்தைக் குறைத்து, கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டு, தொலைவிலேயே நின்றுகொண்டான்.

ஓர்க்காக்கள் கரையோரமாகவே மேய்ந்தபடி கிழக்கே போயின. நாங்கள் தோசையைப் பிரித்தோம். கடைசி வாய்க்கு முன்னால் படகு லேசாக அசைந்து நிமிர்ந்தது. ரவி சக்கரத்தை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். சுக்கான் சுகமாக இருந்தது.

திரும்பும் வழியில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்குத் தயாரானேன். "மலர், நான் என்ன நினைக்கிறேன்னா..."

"உங்களை யாரு அக்கா இப்ப கேட்டா?" என்றாள். பிறகு ரவி பக்கம் திரும்பி, "பேரியருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"காத்தைப் பொறுத்தது. விடியக் கிளம்பினா பொழுதுபடப் போகலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அத்தோடு என் பதவி பறிபோனது.

நான்கு நாள் கழித்து மலர்தான் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். போகும் வழியெல்லாம் எங்கள் ஊரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கடல் என்றால் வேலை. போனவர்கள் திரும்பி வந்தாயிற்றா என்று கேட்போம், என்ன பாடு, எவ்வளவு மீன் என்று கேட்போம். அங்கே உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மன்னாரிலிருந்து வந்தவர்கள் எங்கள் கரையிலும் இறங்கினார்கள். அவர்களையும் நான் கேட்டதில்லை. இதை மலரிடம் சொன்னேன்.

"நான் கேட்டுப் பார்த்திருக்கேன் அக்கா" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. "வீட்டுல கேட்டா அவரு எழுந்து போயிடுவாரு. டிவியைப் போட்டுடுவாரு. கடைக்கு நேரமாச்சும்பாரு. போட்டுல எழுந்து எங்க போவாரு? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க ரெண்டு பேருதான். போட்டை வித்துட்டா அப்புறம் நான் எங்க வெச்சுக் கேக்குறது?"