பேசுகிற நம்பர்

என் கணவருடைய தங்கைமேல் எனக்கு இத்தனை பொறாமை வரும் என்று கல்யாணமான புதிதில்கூட நினைத்ததில்லை. அவருக்கு மூளையில் கம்பி வைத்த பிறகுதான் வந்தது.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் ஆடியது. ஆபரேஷன் செய்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, அங்கிருந்து மூளைக்கு மின்சாரம் போகும்படி செய்தார்கள். கை நடுக்கம் நின்றது. காய்கறி வாங்கப் பாசாருக்குத் தனியாகவே நடந்து போனார். ஆனால் பேச்சு வாய்க்குள்ளேயே குழைந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறும். மாவு கலந்து கெட்டியாக்கித்தான் தேத்தண்ணியே கொடுத்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது, பேட்டரியை மாற்றும் ரிமோட்டில் இரண்டு நம்பர் வைத்துக் கொடுத்தார். ஒன்றில் நன்றாக நடக்கலாம். இரண்டில் மின்சாரம் குறையும். பேச்சு தெளியும், ஆனால் கை ஆடும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் செமினியிலிருந்து தங்கை போன் செய்வாள். ஒன்பதே முக்காலுக்கே மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டை அமுக்கிவிடுவார். ஒரு மணி நேரம் பேச்சும் சிரிப்பும். போனை வைத்ததும் மறுபடி ஒன்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் எனக்குக் கையை மட்டும் விரித்துக் காட்டுவார். நாத்தனாருக்கு மணி மணியாகப் பேச்சு; முப்பது வருஷம் சோறு போட்டவளுக்கு ஊமைப்படம்.

ஒரு புதன்கிழமை காலை, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமலே ரிமோட்டை எடுத்து இரண்டை அமுக்கினேன். சற்று நேரத்தில் பேப்பர் ஆடியது. என்னைப் பார்த்தார். ரிமோட்டை வாங்க எழுந்தார், கால் வரவில்லை. சாய்ந்தவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். என் பழைய இடுப்பு வலி சுரீரென்றது.

திட்டுவார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்தபடி தெளிவாகச் சொன்னார்:

"உனக்கு இடுப்பு வலி. நான் விழுந்தா நீதானே தூக்கணும்? அதுக்குத்தான் ஒன்னுலயே வச்சிருக்கேன். அவ போன்லதானே இருக்கா, கையை விரிச்சுக் காட்டினா அவளுக்குத் தெரியுமா?"

அந்தக் குரல் என்னைப் பார்த்துப் பேசிக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. மெல்ல அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆடிக்கொண்டே அவர் கை ரிமோட்டுக்கு நீண்டது. நான் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இடுப்பு கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றேன்.